கைதட்டல் வாங்கிய என் நடை

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் ஷர்மினி டீச்சர். என் நடையை எடுத்துக்கொண்டு போய் ஹட்டனில் மேடையேற்றி, மண்டபமே எழுந்து கைதட்டும்படி செய்துவிட்டு, அது யாருடைய நடை என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கொழும்பிலிருந்து வந்து தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் நவீன நடனம் சொல்லிக்கொடுக்கிறவர். அவருடைய வேனை ஓட்டுவது, பாட்டுப் பெட்டியைத் தூக்குவது, வகுப்பில் மேசைகளை ஒதுக்குவது எல்லாம் நான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, பள்ளிக்கூடத்துக்குள் இத்தனை காலம் இருக்கக் கிடைத்ததே இந்த வேலையில்தான்.

நடனம் என்றால் எல்லோரும் காலைப் பார்க்கிறார்கள். எங்கள் தொழிலில் முதலில் நோவது தோள்தான். கல்யாணத்தில் சனம் உட்காரக் கதிரை அடுக்கியவர்களே, திருவிழாவில் மைக் கட்டியவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சுவர் இல்லாத வகுப்பு

கினிகத்தேனைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். நீளமாக ஒரே மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு கரும்பலகை நிற்கும், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆட வேண்டும். மேசைகளையும் பிள்ளைகள் உட்காருகிற வாங்குகளையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? வெளியே மழை கொட்டுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பக்கம் தள்ளிவிட்டேன். அங்கே கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பாடம் நடத்திய கணக்கு சேர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்துக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமே என்று பெட்டியின் சத்தத்தை முழுதாகத் திருப்பினேன். அடடா, அந்த மேளம்! கூரையே எங்களோடு சேர்ந்து அடித்தது! எட்டாம் வகுப்பு ஒரு பக்கம் குதிக்க, கணக்கு சேர் பலகையில் எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தார். அவருடைய பிள்ளைகள் முப்பது பேரும் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். நேரே என்னிடம் வந்தார். "அண்ணே, அங்க ஆடுறாங்க, சரி. இங்க என் கிளாஸ் ஏன் ஆடுது?"

வெள்ளைச் சட்டை

வட்டகொடையில் இன்னொரு பள்ளிக்கூடம். சலங்கை, முத்திரை எல்லாம் இருக்கும் என்று நம்பித் தாய்மார் சிலர் பார்க்க வந்திருந்தார்கள். ஷர்மினி டீச்சர் முதல் வேலையாகச் சீமெந்துத் தரையில் படுத்து உருண்டார். பிள்ளைகள் ஒரு நிமிடம் திகைத்தார்கள். பிறகு மொத்த வகுப்பும் தரையில்! அப்படிச் சிரித்து உருண்ட பிள்ளைகளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எழுந்தபோது வெள்ளைச் சீருடைகளின் நிறம் மாறியிருந்தது. அதற்கும் நான்தான் பேச்சு வாங்கினேன், தரையைக் கூட்டியவன் நான் என்பதால். குடையோடு நின்ற ஒரு தாய் டீச்சரை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். "உருளட்டும், வேணாங்கல. இந்த மழையில இத எங்க காயப்போடுறது, உங்க வேன் மேலயா?"

கொழுந்து

மறுபடியும் கினிகத்தேனைப் பள்ளிக்கூடம். ஹட்டன் மண்டபத்தில் எல்லாப் பள்ளிக்கூடங்களும் ஆடுகிற நாள் நெருங்கிவிட்டது. "உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் அசைவு காட்டுங்கள்" என்றார் டீச்சர். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவரே கையை நீட்டிக் கொழுந்து பறிப்பது போலக் காட்டினார். இரண்டு கையும் பறக்க, பறித்ததை முதுகுக்குப் பின்னே எறிய, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அனுசியா என்ற பிள்ளைதான் எல்லோரையும் விட வேகமாகச் செய்தது.

மத்தியானம் அனுசியாவின் தாய் மல்லிகா மலையிலிருந்து இறங்கி அந்தப் பக்கமாக வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. யன்னல் வழியாகப் பார்த்தாள். உள்ளே வந்தாள். மகளின் கையைப் பிடித்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நான்தான் ஓடிப்போய் நிறுத்தினேன். மல்லிகா சத்தம் போடவில்லை. "இந்தக் கையி கொழுந்துக்குப் போகக் கூடாதுன்னுதானே டீச்சர் இங்க அனுப்புறேன். அத இங்கயும் பழக்கவா கொழும்புல இருந்து பெட்டி கொண்டாந்தீங்க?"

அட்டை

கொழுந்து ஆட்டத்தை டீச்சர் அன்றைக்கே கைவிட்டார். அனுசியாவையும் தாய் நடனத்திலிருந்து நிறுத்திவிட்டாள். ஆட்டமும் இல்லை, நன்றாக ஆடுகிற பிள்ளையும் இல்லை. இந்த முறை ஹட்டன் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் டீச்சரோடு மறுபடியும் அங்கே போனேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மண்படியில்தான் ஏற வேண்டும். மழைக்காலத்தில் படிக்குப் படி இரத்தம் குடிக்கிற அட்டை. தோளில் பெட்டி இருந்தால் குனிய முடியாது. அதனால் நான் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏறுவேன். அட்டை ஏறினால் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் தேய்ப்பேன், உதறுவேன், பெட்டியை ஒரு குலுக்கு குலுக்கித் தோளில் நிறுத்துவேன், மேலே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார்த்து ஒரு பெருமூச்சு விடுவேன். அன்று பின்னால் ஒரே சிரிப்பு. திரும்பினால், அனுசியா! புத்தகப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு, தேய்த்து, உதறி, குலுக்கி, அதே பெருமூச்சோடு வருகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கீழே நின்ற டீச்சரோ நனைந்துகொண்டே கத்தினார்: "இதுதான்! ஐயா, இன்னொருக்கா ஏறுங்க!"

எல்லோரும் பார்க்கிறார்கள் என்றதும் எனக்குக் கால் வரவில்லை. எந்தக் காலை முதலில் தூக்குவது? அட்டையை எப்போது உதறுவது? மூன்று முறை ஏறி இறங்கினேன். ஒரு பையன் என் முகத்துக்கு நேரே சொன்னான்: "தாத்தா, நீங்க பிழையா நடக்கிறீங்க. அனுசியா நடக்கிறதுதான் உங்க நடை."

ஹட்டன் மண்டபம்

இதில் கொழுந்து இல்லை என்று டீச்சரே அவர்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போய் மல்லிகாவிடம் சத்தியம் செய்துவிட்டு வந்தார். அதிபரும் பெயரைத் திரும்பச் சேர்த்தார். பெட்டிகளை இறக்கிவிட்டு மண்டபத்தின் கடைசியில் நின்றேன். திரை விலகியது. பன்னிரண்டு பிள்ளைகள், தோளில் ஒன்றுமே இல்லை. ஆனால் பாரம் தெரிந்தது! பக்கவாட்டில் ஏறினார்கள், தேய்த்தார்கள், உதறினார்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அனுசியா மட்டும் மேலே பார்த்து அந்தப் பெருமூச்சை விட்டது. மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. பிறகு கைதட்டல்! அப்படி ஒரு கைதட்டலை என் ஆயுளில் நான் கேட்டதில்லை.

டீச்சர் மைக்கைப் பிடித்து நன்றி சொன்னார். நான் தலைமுடியைத் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டேன். அதிபருக்கு நன்றி. மண்டபம் தந்தவருக்கு நன்றி. ரோல்ஸும் தேநீரும் தந்த கடைக்காரருக்கு நன்றி. வேனுக்கு நன்றி என்றபோது ஓரடி முன்னால் வைத்தேன். சொன்னது வேன் முதலாளியின் பெயர். அவருக்கு இந்தப் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

வெளியே மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளிடமாவது சொல்லி ஆறுதல் அடையலாம் என்று, "அது என் நடைம்மா" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க நடையா? நல்லா இருக்கே கதை! கொழுந்துக் கூடையோட நாங்க தினம் ஏறுறதும் அப்புடித்தாண்ணே."

ஆக, இருந்த ஒரு சொத்துக்கும் பங்காளி வந்தாயிற்று. நேரே ஷர்மினி டீச்சரிடம் போனேன். "டீச்சர், ராமையான்னு மூணே எழுத்து. மைக்குல சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். அவர் தலையில் கையை வைத்தார். "ஐயோ ஐயா, சந்தோஷத்தில மறந்தே போனேன். கட்டாயம் ஒரு நாளைக்குச் சொல்றேன். பெட்டி ஏத்தியாச்சா?"

ஏற்றிவிட்டேன், அந்த ஒரு நாள் வருகிற வரைக்கும் லிந்துலை, வட்டகொடை என்று எந்தப் பள்ளிக்கூடத்துப் படியில் பிள்ளைகள் என் பின்னால் வந்தாலும், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறுகிறேன்.