பாபநாசத்திலிருந்து புறப்பட்ட விமானம்

போன அரையாண்டு விடுமுறையில் என் இரண்டு பெண்களுக்கும் உலகத்தைச் சுற்றிக்காட்டினேன். பாஸ்போர்ட் எல்லாம் கேட்காதீர்கள், பிள்ளைகளே. பாபநாசத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பெரியவளின் கம்ப்யூட்டரில், ஃப்ளைட் சிமுலேட்டர் என்கிற விளையாட்டில் நடந்த பயணம் அது. உட்கார்ந்த இடத்திலேயே விமானம் ஓட்டலாம். கீழே தெரிகிற ஊரெல்லாம் நிஜ ஊரைப் போலவே இருக்கும்.

நிஜ விமானத்தில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, டிராக்டர் ஓட்டுகிறவன். சம்பா பயிர் வயலில் நிற்கும்போது டிராக்டருக்கு வேலை கிடையாது. அந்தத் தைரியத்தில் கேப்டன் ஆகிவிட்டேன். வெள்ளைச் சட்டைகூடப் போட்டுக்கொண்டேன்.

திருச்சியில் ஏறி கொழும்பில் இறங்கினோம். இறங்கினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது, கடலில் விழுந்தோம். துபாயில் ஓடுபாதையைத் தாண்டி மணலில் போய் நின்றேன்.

"ரெண்டு சால் உழுதுட்டீங்க, கேப்டன். விதைச்சிடலாமா?" என்றாள் ஒன்பதாவது படிக்கும் பெரியவள். அவளுக்கு அவள் அம்மாவின் வாய்.

அந்த அம்மா, என் மனைவி, ஜூன் மாதம் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். இரண்டாவது படிக்கும் சின்னவள் அதை மன்னிக்கவே இல்லை. வீடியோ காலில் போனைக் கையில் கொடுத்தால், முகத்தைக் காட்டாமல் மேலே சுற்றும் மின்விசிறியைக் காட்டுவாள். "சாப்பிட்டியாடா தங்கம்?" "ம்." அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் அன்றைக்கும் விசிறிதான். என் மனைவி அந்த விசிறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

உலகம் சுற்றுகிற யோசனையே அதனால் வந்ததுதான். "அம்மா தலைக்கு மேலயே பறப்போம். அப்ப பேசுவியா?" என்று சின்னவளிடம் கேட்டேன். "மேல போனதும் பேசுறேன்" என்றாள்.

மனைவியிடம் வழி கேட்டேன். அவள் ஆஸ்பத்திரி ஃப்ராங்க்ஃபர்ட் பக்கத்தில், ஆற்றோரத்துச் சின்ன ஊரில் இருக்கிறது.

"கிழக்கயா, மேற்கயா?"

"ஒரு மாசமா சூரியனையே பாக்கல, எங்கிட்ட கிழக்கைக் கேக்குறீங்களே! ஃப்ராங்க்ஃபர்ட்டுலேர்ந்து தண்ணி போற பக்கமே ஆத்தைப் புடிச்சு வாங்க. மொதல்ல வர்ற சின்ன ஊரு. சாப்பாட்டு நேரத்துல பாலத்துல நிக்கிறேன். சீக்கிரம் உள்ள போகணும், பாத்துக்குங்க."

மறுநாள் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நன்றாகவே மேலே ஏறினேன். ஆறும் தெரிந்தது. ஆனால் திரையில் தண்ணீர் தகரம் மாதிரி பளபளவென்று கிடந்தது. அசையவில்லை.

"எந்தப் பக்கம் போகுது தண்ணி? மேப்பைப் பாத்துடலாம்பா" என்றாள் பெரியவள்.

பிள்ளைகளே, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். எனக்கு அந்த நொடி கிடைக்கவில்லை.

"ஆத்தங்கரையில பொறந்தவனுக்கு மேப்பு காட்டுறியா? காவிரி எங்க போகுது? வெண்ணாறு எங்க போகுது? குடமுருட்டி எங்க போகுது? ஆறுன்னா கிழக்கதான் போகும்."

கிழக்கே திருப்பினேன். வானத்தை இடிக்கிற கட்டடங்களாக வந்தன.

"சின்ன ஊருன்னாங்களே அம்மா?" என்றாள் பெரியவள்.

"வளந்திருக்கும்."

மேசை மேல் சாய்த்து வைத்திருந்த போனில் என் மனைவி, சிவப்புத் தொப்பியோடு, பாலத்தில் நின்று மேலே பார்த்தாள். "வந்தாச்சா? கையாட்டவா?"

"ஆட்டு, ஆட்டு. இதோ வந்துட்டோம்."

ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்து ஆட்டினாள். பக்கத்தில் நடந்துபோன வெள்ளைக்காரரும் நின்று மேலே பார்த்தார். சின்னவள் திரையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். எங்களுக்குக் கீழே வெறும் காடு.

பெரியவள் மேப்பைத் திறந்துவிட்டாள். "அப்பா, இந்த ஆறு மேற்க போகுது."

"ஆறு எப்படிடி மேற்க போகும்?"

"போகுதே! நாம அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே வந்துருக்கோம்."

பதறிப்போய், வரப்போரத்தில் டிராக்டரைத் திருப்புவது போல ஒரே வெட்டாக வெட்டித் திருப்பினேன். விமானத்துக்கு அது பிடிக்கவில்லை. மூக்கைக் குத்திக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

"நேரமாச்சுங்க, உள்ள போகணும்" என்றது போன்.

சின்னவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எட்டிப் போனைப் பிடுங்கினாள். விசிறிதான் என்று நினைத்தேன்.

"அம்மா, போயிடாதம்மா! இந்த அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியல. உன் ஆறு மேற்க போகுதாம், இவரு கிழக்க போயி காட்டுல விழுந்துட்டாரு. கொழும்புலயும் கடல்ல போட்டாரும்மா. அக்கா சொன்னா கேக்கவே மாட்டேங்குறாரு!"

"ஐயையோ! அப்புறம்?" ஆஸ்பத்திரிப் படியில் ஏறிக்கொண்டே என் மனைவி கேட்டாள்.

"அப்புறம் துபாய்ல..."

அந்தத் துபாய் விஷயத்தில் காற்று பலமாக இருந்தது. அதை விளக்கலாம் என்று போனுக்குக் கையை நீட்டினேன்.

"அப்பாகிட்ட குடுக்காத. நீயே சொல்லு" என்றாள் என் மனைவி.