வேலை இல்லை என்று எழுதியவர்

ராஜரத்தினம் மலாய் நாட்டில் ஒரு பட்டணத்துப் பள்ளியில் பூகோளம் நடத்தியவர். ஜப்பான்காரன் வந்ததும் பள்ளியை மூடிவிட்டார்கள். காஜா பெராங் தெருவில் ஒற்றை அறையில், அரை வயிற்றுக் கஞ்சியும் காலில் ஆறாத புண்ணுமாக இருந்துகொண்டு, 'இன்றைய ஆசியா: அரசும் சமூகமும்' என்று ஒரு நூல் எழுதினார். ஆசியா ஆசியருக்கே என்று ரேடியோ ஓயாமல் கத்தியது. அது நிஜம்தானா என்று ஆராய்ந்து சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

கடைசி அதிகாரத்துக்குத் தன் தெருவையே எடுத்துக்கொண்டார். அங்கிருந்த செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறியவர்கள்; தமிழ் வராது. மலாயில் கேட்டுக் கேட்டு வீடு வீடாக எழுதினார்: பெயர், வயது, தொழில். அடுத்த வீட்டுச் சுப்பையன் முன்பு குமாஸ்தா. இப்போது கொல்லையில் மரவள்ளி நடுகிறான். அதையெல்லாம் தொழிலில் சேர்ப்பதா? 'வேலை இல்லை' என்று குறித்தார். இப்படி இருபத்தேழு பேர். புதிய ஆட்சி ஜனங்களை எந்த நிலையில் வைத்திருக்கிறது என்பதற்கு அதுதான் அவருடைய சான்று.

அச்சடிக்கத் தாள் வேண்டுமென்றால் ஜப்பான்காரன் ஆபீஸில் அனுமதி வேண்டும். குறை சொல்லும் வரிகளை எடுத்துவிட்டு, அட்டவணையை மட்டும் மலாயில் பெயர்த்துக் கொடுத்தார். வெறும் அட்டவணையில் யார் குற்றம் காண்பார்கள்?

எட்டாம் நாள் லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். அவர் எழுதிய வரிசையிலேயே பெயர் கூப்பிட்டு ஏற்றினார்கள்.

நொண்டிக்கொண்டே ஆபீசுக்கு ஓடினார். குமாஸ்தா நாகூர் மீரான் தெரிந்தவர்தான். மரவள்ளி நடுவதும் வேலைதான், திருத்தித் தருகிறேன் என்று கெஞ்சினார்.

"அன்னிக்கே அப்படி எழுதியிருக்கலாமே வாத்தியாரே," என்றார் மீரான், நிமிராமல். "சும்மா இருக்கிறவன் லிஸ்ட் எங்கேன்னு ஜப்பான் துவான் ஒரு மாசமா என் உசிரை எடுத்தாரு. நான் போய்க் கேட்டா ஒருத்தனாவது வாயைத் தொறப்பானா? உங்ககிட்டத்தான் சொன்னானுங்க. செமாபோக் ஊர்க்காரங்களையும் எழுதித் தருவீங்களான்னு கேக்கச் சொன்னாரு. அரிசி உண்டு."

அரிசி என்றதும் ஒரு கணம் யோசிக்கத்தான் செய்தார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார்.

மாலையில் சுப்பையன் மனைவி சந்திரமதி வந்தாள். திட்டப்போகிறாள் என்று எழுந்து நின்றார். அவள் திட்டவில்லை. சயாமைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்களாமே, அங்கே காய்ச்சல் வந்தால் கொய்னா மாத்திரை கொடுப்பார்களா, அவருக்கு மலேரியா விட்டு விட்டு வருகிற உடம்பு என்று மலாயில் கேட்டாள்.

எழுதியதையெல்லாம் நினைத்துப் பார்த்தார். மன்னர், மந்திரிசபை, நெல் ஏற்றுமதி.

"தெரியாதம்மா," என்றார். அவளுக்குப் புரியவில்லை. மலாயில் இன்னொரு தரம் சொன்னார்.