பூட்டை இழுத்துப் பார்க்கிறவன்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பாபநாசத்தில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். "உங்க பூட்டு பத்திரமா இருக்குங்க, நாங்க பாத்துக்கிட்டுதான இருக்கோம்" என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். என் பூட்டை இவர் எதற்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம் வரும்.

இந்தக் குணத்துக்குத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. படம், வீடியோ போன்றவற்றைச் சேமித்து வைக்கும் பெட்டிகளை விற்கிற கம்பெனி. எந்தக் கோப்பு பெட்டிக்குள் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் நிரல் என் பொறுப்பு. அதில் ஜர்னல் என்று ஒரு பகுதி உண்டு. எதையும் மாற்றுவதற்கு முன்னால், என்ன மாற்றப்போகிறோம் என்று முதலில் அங்கே குறித்துவிட வேண்டும். பாதியில் கரண்ட் போனாலும், வந்தவுடன் அந்தக் குறிப்பைப் பார்த்துப் பெட்டி தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஜர்னலுக்கு நான் ஒரே ஒரு பூட்டு வைத்திருந்தேன். ஒரு வேலை குறித்து முடியும்வரை மற்ற வேலைகள் எல்லாம் காத்து நிற்கும். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் தப்பு நடக்காது.

பெங்களூர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டு வேறு வழி எழுதி அனுப்பினார். நெல் கொள்முதல் நிலையத்தில் டோக்கன் கொடுப்பது மாதிரி, ஒவ்வொரு வேலைக்கும் ஜர்னலில் ஓர் இடத்தை ஒதுக்கிவிடுவது. டோக்கன் வாங்கும் அந்த ஒரு நொடிக்கு மட்டும்தான் பூட்டு. அதன்பிறகு அவரவர் மூட்டையை அவரவர் இடத்தில் ஒரே நேரத்தில் இறக்கிக்கொள்ளலாம். வேகம் பல மடங்கு ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. சும்மா கிடைக்கிற வேகத்தை நான் நம்புவதில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. திருத்துறைப்பூண்டியில் என் அக்காவின், எங்கள் பேச்சில் லாத்தாவின், வீட்டுக்காரர் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். நான் சொல்லித்தான் எங்கள் பெட்டியை வாங்கினார். என் மகளின் நிக்காஹ் வீடியோ அதில் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு அனுப்பிய பென்டிரைவ் கெட்டுப்போய்விட்டது. பெட்டி என்னுடையதுதானே என்று இன்னொரு நகல் வாங்காமலே விட்டுவிட்டேன். எங்கள் உம்மா ஆயுள் முழுக்கப் போட்டோவுக்கு நிற்காதவர். கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்துக்கொள்வார். அன்றைக்கு மட்டும் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "எடுத்துக்கப்பா, இனிமே என்ன" என்று முகத்தைக் காட்டினார். அடுத்த நோன்புக்கு அவர் இல்லை. புதிய நிரலுக்கு நான் சரி என்றால், அடுத்த அப்டேட்டில் அந்தப் பெட்டிக்குள்ளும் அது போய்விடும்.

பெங்களூர்ப் பெண்ணைக் கேள்வியால் துளைத்தேன். "முதல் டோக்கன்காரன் பாதியில நிக்கிறான், ரெண்டாவது ஆள் முடிச்சிட்டான். அப்ப கரண்ட் போனா?"

"முன்னாடி இருக்கற இடம் நிறையற வரைக்கும் பின்னாடி எழுதினது கணக்குல சேராது சார். யாருக்கும் முடிஞ்சதுன்னும் சொல்ல மாட்டோம். கரண்ட் வந்ததும் நிறையாத இடம் எங்க இருக்கோ, அதுவரைக்கும் மட்டும் எடுத்துக்கிட்டு நின்னுடுவோம்."

வரிவரியாகப் படித்தேன். குறை எதுவும் சிக்கவில்லை. குறையே இல்லாத சரக்கு என்றால் எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகிவிடும்.

"எந்த இடம்னு சொல்லுங்க சார், மாத்திடறேன்" என்றார் கடைசியாக. மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தேன். எரிச்சலாக இருந்தது.

புதிய நிரல் போட்ட ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டிக்குப் பஸ் ஏறினேன். அலுவலகச் சோதனையில் கரண்ட் போவதென்றால் சொல்லிவிட்டுத்தான் போகும். நிஜமான கூட்டமும் நிஜமான கரண்டும் மச்சான் கடையில்தான் உண்டு. கேமரா கார்டுகளின் நகலைப் புதிய பெட்டியில் ஏற்றிக்கொண்டே நடுநடுவே பிளக்கைப் பிடுங்கினேன். லாத்தா எட்டிப் பார்த்து, "ஏன்டா, இருக்கறத ஒடச்சிட்டுப் போகத்தான் வந்தியா?" என்றார். எத்தனை முறை பிடுங்கினாலும் பெட்டி எழுந்து வந்தது. எதுவும் கெடவில்லை.

சரி, என் பழைய பூட்டோடு ஒப்பிட்டாவது பார்ப்போம் என்று அதே கார்டுகளை மச்சானின் பழைய பெட்டியிலும் ஏற்றினேன். கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஏறிவிட்டன.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் மறுபடியும் ஏற்றிப் பார்த்தேன், அதே வேகம். என் பூட்டு இவ்வளவு வேகமாக ஓடாது, எனக்குத் தெரியாதா? அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். ஜர்னல் அணைந்து கிடந்தது.

"மச்சான், இத யாரு தொட்டது?"

"நான்தான் மாப்புள." கொஞ்சமும் தயங்கவில்லை. "நிக்காஹ் முடிஞ்ச கையோட வீடியோவ எடுத்துக்கிட்டு பிளைட் ஏறணும்னு வெளிநாட்டுல வேலை பாக்குற சபுராளிங்க வந்து நிக்கிறாங்க. வாசல்ல திருச்சிக்கு கார் ஹார்ன் அடிக்கிது. உங்க பெட்டி என்னடான்னா நின்னு நிதானமா யோசிக்கிது. 'பாதுகாப்பு'ன்னு ஒரு பொத்தான் இருந்திச்சு. அணைச்சேன், பறந்துச்சு."

"எப்ப?"

"வாங்குன வாரமே."

அப்படியானால் என் மகளின் நிக்காஹுக்கு முன்னாலேயே. இத்தனை காலமாக ஊரில் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது, புயலும் அடித்திருக்கிறது. உம்மாவின் முகம் அந்தப் பெட்டியில் எந்தக் காவலும் இல்லாமல் அல்லாஹ்வின் கருணையில் கிடந்திருக்கிறது. நானோ பாபநாசத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்ணின் நல்ல நிரலைத் திருட்டுப் பொருளைப் போலப் புரட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரையும் சந்தேகப்பட்டேன். என் பூட்டு பொறுக்க முடியாத அளவுக்கு மெதுவாக இருந்தால் சொந்த மச்சானே அதைக் கழற்றி வைத்துவிடுவார் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. கோபம் வந்தது. மச்சான் மேல் வந்து, அங்கே நிற்காமல் என்னிடமே திரும்பிவிட்டது.

புதிய பெட்டியைக் காட்டி, "இதுல பாதுகாப்பு போட்டுத்தான் இருக்கு மச்சான். அணைப்பீங்களா?" என்று கேட்டேன்.

"இந்த வேகத்துல ஓடுச்சுன்னா நான் ஏன் தொடப்போறேன்?"

அங்கே நின்றபடியே பெங்களூருக்குச் சரி என்று எழுதினேன். பிறகு நிக்காஹ் வீடியோவைப் புதிய பெட்டிக்கு மாற்றினேன். முடிந்தது என்று பெட்டி சொன்னது.

நான் நம்பவில்லை. திறந்து ஓட்டிப் பார்த்தேன். லாத்தாவும் வந்து பக்கத்தில் நின்றார். மாலையும் கூட்டமும் கடந்து போயின. உம்மா வந்தார், முந்தானையை விலக்கிவிட்டு நேராகப் பார்த்தார். அதற்குப் பிறகும் நான் இன்னொரு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.