திரிகால மணிக்கு நின்ற கார்கள்

எங்கள் வீட்டு வளவுக்குள் நின்ற பழைய காரை என் மனைவி கார் என்று சொல்வதேயில்லை. 'அந்தச் சாமான்' என்பா. அது நிற்கிற இடத்தில் கோழிக்கூடு வைக்கவேணும் என்பது அவவின் கனநாள் ஆசை. பழைய இரும்பு வாங்குகிறவரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டா. அவர் லொறியோடு வாறன் என்று சொல்லிப் போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோயில் திருவிழாவுக்குக் கடற்கரையோரக் கீரித் தரவை வெளியில் ஓட்டைக்கார் ஓட்டம் வைப்பதாகப் பங்கு இளைஞர்கள் அறிவித்தார்கள். பழைய ரயர்களை முட்டை வடிவில் அடுக்கி, அதைச் சுற்றிப் பத்துத்தரம் ஓடவேணும். கண்ணாடி இல்லாத, கதவைக் கயிற்றால் கட்டின கார்களுக்கு முதலிடம். என் காருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. மனைவியிடம் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னா:

"வெளிக்கிடேக்கை எல்லாக் காரையும் தள்ளித்தான் விடுவினம், அது பரவாயில்லை. பிறகு ஓட்டத்துக்குள்ளை ஒராள் கை வைச்சாலும் லொறி வரும். தள்ளாமல் ஓடி முடிச்சால் அது நிக்கட்டும்."

பற்றரி செத்து, தள்ளினால் மட்டும் ஸ்ராட் ஆகிற காருக்கு இது பெரிய சோதனை. என்ன நடந்தாலும் எஞ்சினை நிற்பாட்டக்கூடாது என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

ஓட்டம் பிந்தித்தான் தொடங்கியது. சுவாமியார் தீர்த்தம் தெளிக்க வந்தால், எஞ்சினுக்கும் வேறாகத் தெளியுங்கோ, பிறேக்குக்கும் தெளியுங்கோ என்று ஒவ்வொருவரும் மறித்துக்கொண்டோம். இலுப்பைக்கடவையிலிருந்து வந்த வயல்காரர் ஒருவர் மட்டும் காரில் பிள்ளையார் படம் ஒட்டியிருந்தார். அவரும் தலையைக் குனிந்து தீர்த்தம் வாங்கினார்.

நான் முன்னுக்கு ஓடினேன். வேகத்தால் அல்ல, என் கார் விட்ட புகையில் பின்னால் வந்தவர்களுக்குப் பாதை தெரியவில்லை. இன்னும் மூன்று சுற்றுத்தான் என்று இருக்கும்போது கோயிலில் மாதாவுக்கான திரிகால மணி அடித்தது.

கடலில் வலை இழுத்துக்கொண்டு நின்றாலும் அந்த மணிக்கு நின்று செபிக்கிற ஆட்கள் நாங்கள். கால் தானாகப் பிறேக்கில் போனது, கை தானாகக் கார்த் திறப்பைத் திருகியது. பின்னால் வந்த நாலு பேரும் அப்படியே. இறங்கிக் கோயிலைப் பார்த்து நின்றோம். சனமும் எழும்பி நின்றது.

வயல்காரர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கடக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு கையை நெஞ்சில் வைத்து, மெதுவான குரலில் மன்னிப்புக் கேட்டார்.

"குறை நினையாதேங்கோ ஐயா, பிறேக் இல்லை."

சிரிப்பை அடக்கிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் எஞ்சினை நானே நிற்பாட்டிவிட்டேன் என்று உறைத்தது. அருள் நிறைந்த மரியே பாதியில் நின்றது. சனத்துக்குள் மனைவி செபித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றா.

ஆமென் சொன்ன கையோடு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தா. காருக்குப் பின்னால் போய்க் குனிந்தா.

"நீர் கை வைச்சால் லொறி வருமே" என்றேன்.

"மாதாவுக்கு நிண்ட காரைத் தள்ளாமல் விட்டால் பாவம் எனக்குத்தான். அது கணக்கில்லை. ஏறுங்கோ."

இதைக் கேட்ட மற்றப் பெண்களும் தங்கள் தங்கள் மனிசன்மாரின் கார்களைத் தள்ள இறங்கிவிட்டார்கள்.

வயல்காரர் வென்று எவ்வளவோ நேரமாகிவிட்டது, ஆனால் நிற்க வழியில்லை. பொடியன்கள் ஒரு பக்கத்து ரயர்களை விலக்கி அவரைக் கடற்கரை மணலுக்குள் திருப்பிவிட்டார்கள். கார் புதைந்து நின்றது. சுவாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துபோய் ஜன்னலால் பரிசைக் கொடுத்தார்.

நான் கடைசியாகத்தான் வந்தேன். ஆனாலும் ஓடி முடித்தேன். மனைவி வந்து கதவுக் கயிற்றை அவிழ்த்து, முன் சீற்றில் ஏறி இருந்தா. லொறிக்காரருக்குப் போன் எடுத்து வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னா. கோயிலடியால் திரும்பும்போது இரண்டு பேரும் சிலுவை போட்டோம்.

"அங்கை பார்த்துக் கும்பிடுங்கோ, ஆனால் நிப்பாட்டிப்போடாதேங்கோ" என்றா.