அம்மா உடைத்து வைத்த பிளேடுகள்

நடந்தது இந்த வரிசையில்தான்:

1. கல்லூரியில் கடைசி வருடம் என் தாடையில் முடி வளர ஆரம்பித்தது. டாக்டர் ஹார்மோன் என்றார், மாத்திரை எழுதினார், பொறுமையாக இருக்கச் சொன்னார். முடிக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

2. விழுப்புரத்தில் எங்கள் தெருமுனை பார்லரில் நூல் போட்டு எடுத்தேன். முடி போன இடத்தில் கொப்புளம் வந்தது. கொப்புளம் போன இடத்தில் கறுப்புத் தழும்பு வந்தது.

3. திண்டிவனம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் வேலை கிடைத்தது. முதல் நாளே மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். தூசு அலர்ஜி என்று சொன்னேன்.

4. அந்தத் தொழிற்சாலையிலேயே தூசு இல்லாத ஒரே அறை நான் உட்காரும் அறைதான். நல்லவேளை, யாரும் அதை யோசிக்கவில்லை.

5. மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டார். "திங்கக்கிழமை கஸ்டமர் கம்பெனிலேர்ந்து வர்றாங்கம்மா. நம்ம ரூம நீங்கதான் சுத்திக் காட்டணும். அன்னிக்கு ஒருநாள் மாஸ்க்க கழட்டிடுங்க. போன தடவ நீங்க பேசினது எனக்கே கேக்கல."

6. ஷேவிங் செட் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் நிறையப் படித்தேன். பெண்களுக்கென்று ரோஸ் கலரில் விற்கும் பிளாஸ்டிக் ரேஸரில் இரண்டு மூன்று பிளேடுகள் அடுக்காக இருக்கும். முதல் பிளேடு முடியைச் சற்று இழுக்கும், அடுத்தது தோலுக்குக் கீழேயே வெட்டிவிடும். அந்த முடி வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுருண்டுகொள்ளும். கொப்புளத்துக்கு அது போதும். பழைய மாதிரி கனமான செட்டில் இருபக்கமும் கூர் உள்ள ஒரே பிளேடுதான், தோல் மட்டத்தோடு வெட்டிவிட்டுப் போய்விடும். கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

சலூன் சாமான் விற்கும் கடை ஒன்று பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிறது. கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போகலாம் என்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனேன். செவ்வாய்க்கிழமை சலூனுக்கெல்லாம் லீவு என்பது தெரியும். லீவு நாளில்தான் ஊரில் உள்ள சலூன்காரர்கள் எல்லாரும் அந்தக் கடையில் நிற்பார்கள் என்பது உள்ளே காலை வைத்த பிறகுதான் உறைத்தது.

"இன்னாம்மா வேணும்?" என்றார் கடைக்காரர்.

"முழு பிளேடு மாட்டுற ஷேவிங் செட்."

"அப்பாவுக்கா?"

"இல்லீங்க."

"வீட்டுக்காரருக்கா?"

"எனக்குத்தான்."

கத்தரிக்கோல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் திரும்பாமலே சொன்னார்: "இப்பல்லாம் எவன் முழு பிளேடு போடுறான்? நாங்களே பாதியா ஒடச்சித்தான் கத்தில மாட்டுறோம்."

"நீ தொழில் பண்ணிக்கினு இருக்க, அந்தப் பொண்ணு அதும் மூஞ்சத்தான பண்ணிக்கப் போவுது? உனக்கு இன்னா பேஜாரு?" என்றார் இன்னொருவர்.

"அழுத்தாதம்மா" என்றார் ஒருவர். "நல்லா அழுத்திப் புடிச்சாத்தான் வரும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். அதற்குப் பிறகு அவர்களுக்குள்ளேயே பேச்சு வளர்ந்துவிட்டது, என்னை மறந்துவிட்டார்கள். பித்தளைக்கு முலாம் பூசிய செட் ஒன்று, ஐந்து பிளேடு உள்ள பாக்கெட் ஒன்று, நுரை தடவ ஒரு பிரஷ் வாங்கினேன். கடைக்காரர் ஒரு துண்டு படிகாரத்தைத் தாளில் மடித்துச் சும்மா போட்டுக் கொடுத்தார். "எப்டியும் வெட்டிப்ப" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கோலியனூர் போயிருந்த நேரத்தில், முதல் சோதனையைக் காலில் வைத்துப் பார்த்தேன். செட் மூன்று துண்டாகக் கழலும்: மேல்மூடி, கீழ்த்தட்டு, கைப்பிடி. மூடியில் உள்ள இரண்டு முளைகளில் பிளேடை உட்காரவைத்து, கீழ்த்தட்டை வைத்துக் கைப்பிடியைத் திருகினால் பிளேடு லேசாக வளைந்து இறுகிவிடும். மூடியைத் தோலில் வைத்து, கூர் தொடும்வரை கைப்பிடியை மெல்லத் தாழ்த்த வேண்டும். அங்கிருந்து இழுத்தால் மெல்லிய சரசரப்பு கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் கோணம் சரி. அழுத்தவே தேவையில்லை, செட்டின் கனமே வேலை செய்கிறது. அழுத்தாதே என்றவர் பக்கம் ஒரு புள்ளி.

கால் வழவழவென்று ஆனது. ஒரு கீறல் இல்லை. முகத்தை மறுநாள் காலையில் செய்துகொண்டு அப்படியே பஸ் ஏறுவது என்று திட்டம். செட்டைக் கழற்றிக் கழுவினேன். மூன்று துண்டுகளும் என் பையில். பிளேடு ஈரம் காயட்டும் என்று தையல் மிஷின் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். மீதி பாக்கெட்டையும் அங்கேயே வைத்தேன். பெரிய தவறாகத் தெரியவில்லை.

அம்மா பிளவுஸ் தைப்பவர். எங்கள் வீட்டில் பிளேடு என்றால் தையல் பிரிக்கும் சாமான், அவ்வளவுதான். பாக்கெட் வந்ததும் ஒவ்வொன்றையும் தாளோடு மடித்து, 'டக்' என்று பாதியாக உடைத்து, பாபின் டப்பாவில் போட்டுவிடுவார். முழு பிளேடு கையில் நிற்காது, இரண்டு பக்கமும் வெட்டும். நான் பிறந்ததிலிருந்து அந்த 'டக்' கேட்டிருக்கிறேன். அது எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை, இன்னும் விடியவில்லை. முகத்தில் நுரை. ஜன்னலில் எதுவும் இல்லை. பாபின் டப்பாவைத் திறந்தேன். புதிதாகப் பத்துப் பாதிகள். நேற்று நான் பயன்படுத்தியதும் அதில் சேர்த்தி, துடைத்து உடைத்திருந்தார். பெட்டிக்கடை திறக்க நேரம் இருந்தது, எனக்கு நேரம் இல்லை.

இரண்டு பாதிகளை எடுத்து மூடியில் எதிரெதிராக வைத்தேன். முளைகள் பாதி ஓட்டையில் சாய்ந்து நின்றன. கீழ்த்தட்டை வைத்து நன்றாகத் திருகினேன். விளக்கில் பிடித்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் நீட்டியிருந்தது. பிடிமானம் இல்லாத பொருளை அளந்து பயனில்லை என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாரா வாரம் சொல்கிறவள் நான். அன்று அந்த விதி வேறு யாருக்கோ என்று இருந்துவிட்டேன்.

இடது பக்கம் அழகாக வந்தது. அந்தக் கூரில் நுரை சேர்ந்ததும் செட்டைத் திருப்பி மறுபக்கக் கூரை வலது தாடையில் வைத்தேன். அந்தப் பாதி ஒரு மூலையில் நழுவி வெளியே வந்திருக்கிறது. சரசரப்பு கேட்கவில்லை. சுருக்கென்றது.

"இன்னாடி ரத்தம்?" அம்மா வாசலில் நின்றார்.

"முழு பிளேடு ஒண்ணாவது வெச்சிருக்கக் கூடாதாம்மா?"

"எனக்கு வாங்கிக்கினு வந்தன்னு நெனச்சேன். அஞ்சும் ஒடைக்காம கெடந்துது." என் முகத்தையும் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். "ஷேவா பண்ற? முள்ளு முள்ளா வளரும்டி."

"வளராதும்மா. நுனி மொட்டையா இருக்கறதால அப்படித் தெரியும்."

"யாரு சொன்னா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டுத்தான் இப்படி வெட்டிக்கினியா?" என்றபடி படிகாரத்தை நனைத்து என் தாடையில் வைத்து அழுத்தினார். உயிர் போய் வந்தது. மீதியை இடது பக்கத்துக்குப் பயன்பட்ட கூராலேயே முடித்தேன், அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது, "மாஸ்க்கு போட்டுக்கோ, தெரியாது" என்றார்.

பஸ்ஸில் போட்டுக்கொண்டேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் துணி காயத்தில் ஒட்டிக்கொண்டது. திண்டிவனத்தில் இறங்கி இழுத்ததும் மறுபடி ரத்தம். துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் திரும்ப ஒட்டும். நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருக்க முடியாது. மாஸ்க்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குள் நடந்தேன். தாடையில் காற்று பட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

வந்தவர்கள் மூன்று பேர். பாகங்களை அளக்கும் கேஜ்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜர்தான் கேட்டார். "என்னம்மா, தாடையில அடியா?"

பஸ்ஸில் இடித்துக்கொண்டேன் என்ற பதில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் தூசு அலர்ஜியைப் போல அதையும் இனிமேல் பராமரிக்க வேண்டுமே என்று தோன்றியது.

"ஷேவ் பண்ணும்போது வெட்டிடுச்சு சார்."

மேனேஜர் தன் செருப்பைப் பார்த்தார். வந்தவர்களில் வயதானவர் மட்டும், "புது பிளேடா?" என்று கேட்டார்.

"உடைஞ்ச பிளேடு சார். மாட்டினது சரியா உக்காரல."

"எனக்கும் கரெக்டா அந்த எடத்துலதான் வெட்டும்" என்று தன் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு, "சரி, இந்த கேஜ எத்தன மாசத்துக்கு ஒருதரம் செக் பண்றீங்க?" என்றார். நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

சாப்பாட்டு நேரத்துக்குள் விஷயம் பேக்கிங் பிரிவு வரை போயிருந்தது. ஒலக்கூரிலிருந்து வரும் பேக்கிங் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவரை என்னிடம் சாம்பாரைப் பற்றித் தவிர எதுவும் பேசியதில்லை. "அக்கா, அந்த மெஷினு எங்க கெடைக்குது?" என்றாள் டிபன் பாக்ஸைப் பார்த்தபடி.

"விழுப்புரத்துல. செவ்வாக்கிழமை மட்டும் போகாத."

இப்போது நிலைமை இதுதான். முடி முன்பு இருந்த அளவுதான் வளர்கிறது, தடிக்கவில்லை. அம்மா இதை இன்னும் நம்பவில்லை, வாரத்துக்கு ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கிறார். புதுக் கொப்புளம் வருவதில்லை, பழைய தழும்புகள் அப்படியே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை வீட்டில் ஷேவ் செய்யக் கூடாது என்பதால் வியாழன் சாயங்காலமே முடித்துக்கொள்கிறேன். பிளேடு இரண்டு பாக்கெட் வாங்குகிறேன், அம்மாவுடையது பாபின் டப்பாவில் பாதியாக, என்னுடையது பீரோவில் முழுதாக. வலது தாடையில் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. மாஸ்க் போடுவதில்லை.