பூட்டுக்கு அந்தப் பக்கம் முனியாண்டி அண்ணன்

போன வாரம் ஒருநாள் காலை. மலாக்கா டவுனில் நான் வேலை பார்க்கும் லோரி ஆபீசில் எல்லோருக்கும் பொதுவான கம்ப்யூட்டரைத் தட்டினேன். விண்டோஸ் 95 வழக்கம்போல ஒரு கட்டத்தைக் காட்டி பாஸ்வேர்டு கேட்டது. மேலே பெயர் - முனியாண்டி.

எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. முனியாண்டி அண்ணன் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர். உம்பாய் கடலோரக் கடையில் குடும்பத்தோடு சுட்ட மீன் சாப்பிட்டுவிட்டு வந்தவர், அன்றைக்கே நெஞ்சுவலியில் போய்விட்டார். கருமாதிகூட முடிந்துவிட்டது!

கடைசியாக உள்ளே போனவரின் பெயரைத்தான் அந்தக் கட்டம் காட்டும். முந்தின நாள் கடைசியாகப் போனவன் நான். என் பெயரல்லவா இருக்க வேண்டும்?

அதை அழித்து, என் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து உள்ளே போனேன். மறுநாள் காலை... மறுபடியும் முனியாண்டி.

"ஆவி லா இது! அண்ணனுக்கு இங்க என்னமோ பாக்கி இருக்கு" என்றாள் டைப்பிஸ்ட் பரமேஸ்வரி. ஆயுத பூஜைக்கு லோரிக்குச் செய்வதுபோல மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். கீபோர்டு மேல் ஒரு எலுமிச்சம்பழம். மறுநாள் பழம் மேஜை ஓரத்தில் கிடந்தது. பெயர் அப்படியே இருந்தது.

முதலாளி ஆவியை நம்பவில்லை. எவனோ திருடன் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. விண்டோஸ் 95-இன் பூட்டு அந்த லட்சணம். பாஸ்வேர்டு தெரியாதா? கேன்சலை அமுக்குங்கள், கதவு திறந்துவிடும்! பக்கத்து விளம்பரக் கடை மெக்கின்டாஷ் கேட்பதுகூட இல்லை. வாங்க, உட்காருங்க என்கிறது. பழைய டாஸுக்குப் பூட்டே கிடையாது. விண்டோஸ் என்டி ஒன்றுதான் கறார். அதனிடம் உங்கள் பெயர் இல்லையென்றால் நீங்கள் வெளியேதான்.

"என்டியப் போடு!" என்றார் முதலாளி.

எனக்கோ வேறு உதறல். கேன்சல் போட்டு நுழைந்தால் கட்டத்தில் பெயர் மாறாது. சரியான பாஸ்வேர்டு அடித்தால்தான் மாறும். செத்துப்போனவருடைய பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?

மறுநாள் சீக்கிரமே போனேன். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை. மானிட்டர் வெளிச்சம் மட்டும். டக்... டக்... கீபோர்டு சத்தம். அண்ணனின் நாற்காலியில் ஓர் உருவம். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

உருவம் திரும்பியது. லெட்சுமி அக்கா - அண்ணனின் மனைவி. பாவம் என்று முதலாளி, ஆபீசைக் கூட்டித் துடைக்கும் வேலையையும் ஷட்டர் சாவியையும் அவரிடம் கொடுத்திருந்தார். யாருக்கும் அவர்மேல் சந்தேகமே வரவில்லை.

"பயந்துட்டியா தம்பி?" என்றார். "அவருக்கு பாஸ்வேர்டு ஞாபகமே இருக்காது. டெய்லி காலையில வீட்டுக்குப் போன் அடிச்சி, 'ஏய், என்னா அது?'ம்பாரு. நான் ஒவ்வொரு எழுத்தா சொல்லுவேன். இப்ப போன் வர்றதில்ல. அதான் நானே அடிச்சிப் பாக்குறேன். விடுது தம்பி... அவர இன்னும் உள்ள விடுது."

நான் விளக்கைப் போட்டேன். அக்கா மானிட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"புதுசு மாத்தப் போறாங்களாமே? அவரு பேரு போயிருமா?"



நேற்று டெக்னீஷியன் வந்து என்டி போட்டார். எங்கள் பெயர்களை எல்லாம் அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அவ்வளவுதானா அண்ணே?"

"இன்னும் ஒருத்தரு. முனியாண்டி."

"இங்க வேல செய்றவரா?"

"ஆமா லா. எனக்கு முன்னாலயே வந்துருவாரு."

"பாஸ்வேர்டு?"

"அவருக்கு ஞாபகம் இருக்காது" என்றேன். "இருங்க, அவரு வீட்டுல கேட்டுச் சொல்றேன்."