இருபத்தேழாவது உருண்டை

சேக் தாவூது ஒரு பொருளைத் தங்கம் என்று சொல்லி முடிப்பதற்குள் எதிர்க்கடையில் வாங்கிய டீ இரண்டு தடவை ஆறிவிடும் என்று மன்னார்குடிக் கடைத்தெருவில் ஒரு கேலி உண்டு. அவர் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

பதினேழு வயதில் ஒரு பத்தரின் பட்டறையில் உருக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு பதினோரு வருடம் ஷார்ஜாவில், தங்கம் சுத்திகரிக்கும் இடத்தில் வேலை. எந்த அமிலம் எதைத் தின்னும், எதைத் தொடாது என்பதை யாரும் அவருக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. பார்த்தார், எழுதிவைத்தார், தப்பாகப் போனால் அதையும் எழுதிவைத்தார். ஊர் திரும்பியதும் முதல் வேலையாகத் தரம் பார்க்கும் மெஷின் வாங்கிப் போட்டார். ஆனால் உரைகல்லையும் தண்ணீர்த் தராசையும் எடுத்துவைக்கவில்லை. மெஷின் மேல்தோலைச் சொல்லும். அரத்தால் கீறிவிட்டுக் கல்லில் உரைத்தால் கொஞ்சம் உள்ளே இருப்பது தெரியும். தண்ணீரில் போட்டு நிறுத்தால் மொத்தமும் தெரியும். மூன்றும் ஒத்துவந்தால்தான் வாயைத் திறப்பார்.

வருடத்துக்கு ஐந்தாறு பேராவது இரசவாதத்தில் செய்த தங்கம் என்று எதையாவது மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர் சிரிக்கமாட்டார். 'இது தங்கம் இல்லை' என்றும் சொல்லமாட்டார். "துத்தநாகம் நல்லா கலந்திருக்கு, எப்படிங்க சூடு பண்ணுனீங்க?" என்று கேட்பார். வந்தவர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஏமாற்றத்தை மறந்து போவார்.

"செம்பு தங்கமாவாதுன்னு ஒரே வரியில சொல்லி அனுப்பாம, அவங்களோட உக்காந்து பொழுதப் போக்குறீங்க" என்பாள் அவர் மனைவி ஹஃப்ஸா.

"நாலு வருஷம் அடுப்புகிட்ட நின்ன ஆளு ஹஃப்ஸா. ஒரு வரி பத்துமா?"

ஒரு வியாழக்கிழமை காலை, அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். அண்ணன் செழியன், வடுவூர் சாலையில் ஒரு கிராமத்தில் டிராக்டர் வைத்து உழவு ஓட்டுபவர். தங்கை கனிமொழி, அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வந்த முகங்கள். செழியன் ஒரு மஞ்சள் துணியைப் பிரித்தார். எலுமிச்சங்காயைவிடச் சிறியதாக ஓர் உருண்டை. அலமாரியில் உருளாமலிருக்க அடியில் மட்டும் வைத்த சந்தனமும் குங்குமமும் வருடக்கணக்காகப் படிந்து, காய்ந்த ரொட்டி மாதிரி கெட்டியாகியிருந்தது. மேலே பொன் நிறம்.

"எங்கப்பா செஞ்சது பாய்" என்றார் செழியன். "இராஜாங்கம்னு பேரு. ரைஸ்மில்லுல நெல்லு அவிக்கிற வேலை. உமி அடுப்புலயே இதைச் செஞ்சாரு. பூஜை அலமாரியில வெச்சிருக்கோம்."

"ஊரே அவர உமித்தங்கம்னு கேலி பண்ணுச்சு. அதையும் சொல்லு" என்றாள் கனிமொழி.

பிறகு விஷயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் அறிவியல் ஆசிரியர்கள் கூட்டம். 'இரசவாதம் அறிவியலா?' என்று தலைப்பு. இல்லை என்று பேசப்போவது கனிமொழி. ஒரு மனிதனின் வாழ்நாளை இந்தப் பைத்தியம் எப்படித் தின்றது என்பதற்கு அப்பாவையே உதாரணமாகச் சொல்லப் போகிறாள். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

"செத்துப்போன மனுசன மேடையில ஏத்தி அசிங்கப்படுத்துவியா?"

"பொய்யின்னு தெரிஞ்சும் கும்பிடச் சொல்றியா?"

இருவரும் ஒரு முடிவோடு வந்திருந்தார்கள். உருண்டை தங்கம் என்றால் கனிமொழி அப்பா பேச்சையே எடுக்கக்கூடாது. இல்லையென்றால் செழியன் தடுக்கக்கூடாது.

சேக் தாவூது எந்தப் பொருளையும் கழுவித் துடைக்காமல் சோதிக்கமாட்டார். அன்று சந்தனத்தைப் பார்த்ததும் கை தயங்கியது. கும்பிடுகிற பொருள், நாம் சுரண்ட வேண்டாம் என்று நினைத்தார். சந்தனம் இல்லாத பக்கத்தை மெஷினில் வைத்தார்.

எழுபத்தெட்டு சதவீதம் தங்கம் என்று காட்டியது.

இத்தனை வருடத்தில் இரசவாதத் தங்கம் என்று வந்த ஒரு பொருளும் ஒரு சதவீதத்துக்கு மேல் காட்டியதில்லை. "அட, தங்கங்க!" என்று வாய் சொல்லிவிட்டது.

அவ்வளவுதான். செழியன் உருண்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கேட்டியாடி? பாய் சொல்லிட்டாரு!" கனிமொழி மெஷினையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னும் இரண்டு சோதனை இருக்கிறது என்று அவர் சொல்ல வாயெடுப்பதற்குள், மஞ்சள் துணி மடிந்து, வண்டி கிளம்பிவிட்டது.

அன்று சோறு இறங்கவில்லை. ஹஃப்ஸா மீன் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுக் கேட்டாள்: "என்னத்த முழுங்கிட்டு வந்தீங்க?"

"ஒரு வார்த்தைய முழுங்காம விட்டுட்டேன்."

நடந்ததைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள ஞாயித்துக்கெழம என்ன பேசும்?" என்று மட்டும் கேட்டாள். அதுதான் அவரையும் குடைந்துகொண்டிருந்தது. அரைச் சோதனையில் அவர் சொன்ன சொல்லை வைத்து ஒருத்தி வாயடைத்து நிற்கப் போகிறாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தராசு, கண்ணாடித் தம்ளர், நூல்கண்டு எல்லாவற்றையும் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். செழியன் வீட்டில் கனிமொழியும் இருந்தாள். மேடைப் பேச்சுத் தாளைக் கிழிப்பதா வேண்டாமா என்று கையில் வைத்திருந்தாள்.

"நேத்து நான் சொன்னது முடிவு இல்ல தம்பி. அவசரப்பட்டுட்டேன். தண்ணியில நிறுத்துப் பாக்கணும்" என்றார் சேக் தாவூது. "அதுக்கு அடியில இருக்கிற சந்தனத்தக் கழுவணும். நான் தொடல. நீங்களே கழுவுங்க."

செழியன் முறைத்தார். ஆனால் இத்தனை தூரம் வந்த மனிதரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சமையலறைக் குழாயடியில் கழுவினார். பன்னிரண்டு வருடச் சந்தனம் லேசில் கரையவில்லை. கரைந்து முடிந்ததும், குழாயை மூடாமலே வெளியே வந்தார். உருண்டையின் அடியில் ரம்பத்தால் அறுத்த ஒரு வெட்டு. பாதி ஆழம் வரை இறங்கியிருந்தது. வெட்டுக்குள்ளே செம்பு, பழுப்பேறிய செம்பு.

"நீதானே அறுத்த?" என்று தங்கையிடம் திரும்பினார். "மேடையில பேசறதுக்காக!"

"நானா? பூட்டின அலமாரி சாவி உன் அரைஞாண்ல தொங்குது. நான் எப்படி அறுப்பேன்?"

சேக் தாவூது கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். உருண்டையைத் துடைத்து நிறுத்தார். நாற்பத்தைந்து கிராம் எண்ணூறு மில்லிகிராம். நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கினார். எழுபத்தெட்டு சதவீதம் உள்ளேயும் இருந்தால் தண்ணீருக்குள் எடை மூன்று கிராம்தான் குறைய வேண்டும். நாலே முக்கால் குறைந்தது.

"மேல மட்டும்தான் தங்கம். நேத்து நான் சொன்னது தப்பு" என்றார். பிறகு செழியனைப் பார்த்து, "உங்க அப்பா எடை ஏதாச்சும் எழுதி வெச்சிருக்காரா?"

"நோட்டு இருக்கு. பூஜையில."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா இறந்த வருடம் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு அந்த நோட்டையும் உருண்டையையும் அடுக்கினார்கள். அன்றைக்குப் புத்தகம் படிக்கக்கூடாது. மறுநாள் மற்ற புத்தகங்கள் இறங்கின, நோட்டு இறங்கவில்லை. பன்னிரண்டு வருடமாகப் பொட்டு வைத்தார்கள். நோட்டை ஒருவரும் பிரிக்கவில்லை; உருண்டையை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

செழியன் நோட்டை எடுத்துவந்தார். பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன. சேக் தாவூது மெல்லிய கத்தியை நுழைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். உலோகம், எடை, உமி எத்தனை கூடை, எத்தனை மணி நேரம், கடைசியில் 'ஆகவில்லை.' அடுத்த பக்கமும் அப்படியே. இருபத்தாறு தடவை 'ஆகவில்லை.'

கடைசிப் பக்கத்தைக் கனிமொழி சத்தமாகப் படித்தாள்.

"இருபத்தேழு. செம்பு நாற்பது கிராம். மனைவி தோடு ஆறு கிராம். உருக்கி, படிகாரம், உப்பு, நவச்சாரம் போட்டுப் பன்னிரண்டு முறை சுட்டுக் கழுவினேன். பொன் நிறம் வந்துவிட்டது. பத்தர் உரைத்துப் பார்த்துத் தங்கம் என்றார். மனம் ஒப்பவில்லை. அறுத்துப் பார்த்தேன். உள்ளே செம்பு. மேலே இருந்த செம்பைக் காரம் தின்றுவிட்டது, பொன்னை விட்டுவிட்டது. போட்டதும் ஆறு, இருப்பதும் ஆறு. தங்கம் உண்டாகவில்லை. பிள்ளைகளிடம் வெட்டைக் காட்ட வேண்டும்."

தேதியைப் பார்த்தாள். அப்பா நெஞ்சுவலியில் போவதற்கு நான்கு நாள் முன்பு.

செழியன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சேக் தாவூது தராசைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "நாப்பதும் ஆறும் நாப்பத்தாறு. எனக்கு இருநூறு மில்லி குறைஞ்சுது. அது காரம் தின்ன செம்பும் ரம்பத்தூளும். எடை சரியா இருக்கு." பிறகு நோட்டைக் காட்டி, "அந்தப் பத்தர் ஏமாந்த எடத்துலதான் நேத்து நானும் ஏமாந்தேன். இவரு ஏமாறல."

"இப்ப நீ என்ன பேசப் போற?" என்றார் செழியன். குரலில் பழைய சண்டை இல்லை.

"இரசவாதம் அறிவியல் இல்லைன்னுதான் பேசுவேன் அண்ணே. இரசவாதக்காரங்க மறைச்சு மறைச்சு எழுதினாங்க. இன்னொருத்தர் செஞ்சு பாத்துச் சரி, தப்பு சொல்ல வழியே இல்ல."

"இவரு மறைக்கலியே டீச்சர்" என்றார் சேக் தாவூது. "உமிக்கூடை வரைக்கும் எழுதியிருக்காரு. நாளைக்கே நான் செஞ்சு பாக்கலாம்."

"செஞ்சா?"

"உள்ள செம்புதான் இருக்கும். அவரு எழுதினபடியே."

கனிமொழி தன் பேச்சுத் தாளில் அப்பாவைப் பற்றி எழுதியிருந்த பத்தியைக் குறுக்கே அடித்தாள். ஓரத்தில் எதையோ எழுதத் தொடங்கினாள்; கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினாள். "அப்பா பேரைச் சொல்லுவேன்" என்றாள். "பைத்தியம்னு இல்ல. இருபத்தேழு தடவ செஞ்சு, இல்லைன்னு தானே கண்டுபிடிச்ச ஆளுன்னு."

"அப்ப உருண்டையையும் கொண்டு போ" என்றார் செழியன். "வெட்டுப் பக்கம் தெரியற மாதிரி வெய்யி. சரஸ்வதி பூஜைக்குள்ள திருப்பிக் குடுத்துரணும், ஆமா."

"சந்தனம் வைப்பியா?"

"மேல வைப்பேன். அடியில வைக்கமாட்டேன், போதுமா?"

வீடு திரும்பியதும் சேக் தாவூது தன் பழைய நோட்டை எடுத்து, வியாழக்கிழமைத் தேதி போட்டு எழுதினார்: 'கழுவாமல் பார்த்தேன். மெஷின் 78. தங்கம் என்று சொன்னேன். தப்பு.' ஹஃப்ஸா தோள்மேல் எட்டிப் பார்த்தாள்.

"இதையெல்லாமா எழுதுவாங்க?"

"எழுதணும் ஹஃப்ஸா. கூட ஒருத்தர் எழுதியிருக்காரு."

"நல்ல கூட்டு" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயைச் சூடாக்க எடுத்துப் போனாள்.